எல்லாரும் ஒரே அலைவரிசையில்

— இருக்கச் சொல்லாதேங்கோ, யோகலிங்கம் சேர். நான் கதிரை தேடி முல்லைத்தீவுக் கரையில இருந்து முள்ளியவளைக்கு வரேல்லை. இராயப்பு அண்ணைக்கு நேற்று வவுனியா ஆசுப்பத்திரியில காலை எடுத்துப்போட்டினம். முழங்காலுக்கு மேல.

— கேள்விப்பட்டனான், யூலிற்றா மிஸி. கவலைதான். ஆனா நான் சொல்லுறது என்னெண்டா, திருக்கை முள்ளுக் குத்தினது கடலில. அதுக்கு இந்த நிறுவனம் என்ன செய்யும்?

— குத்தினது கடலில. அழுகினது உங்கட லைனில. அந்தாள் முந்தநாள் காலமை நொண்டிக்கொண்டு எங்கட முகாம் கிளினிக்குக்கு வந்தவர். கால் கறுத்துக்கொண்டு வருது. டொக்டர் சொல்லாமல் வாகனம் விடக்கூடாதெண்டு சட்டம் போட்டது நீங்கள். நேர்ஸ் நான் என்ன செய்ய, காலைப் படம் எடுத்து வவுனியா டொக்டருக்கு அனுப்பினன். பாதியில நிண்டுது. திரும்ப அனுப்பினன், திரும்ப நிண்டுது. டொக்டருக்குத் தெரிஞ்சது பெருவிரல் மட்டும். முழுப் படமும் போய்ச் சேரேக்க பொழுதுபட்டு, வவுனியாப் பாதையில ஓமந்தைச் சோதனைச்சாவடி மூடியாச்சு. கேக்கிறன், இதுக்கு ஆர் பொறுப்பு?

— இந்தா, நிஸாரும் வந்திட்டார். கிளினிக்குக்கு லைன் குடுக்கிற ரேடியோப் பெட்டியைப் பூட்டினது அவர்தான். நிஸார், மிஸிக்கு விளங்கப்படுத்தும்.

— விளங்கப்படுத்த என்ன கிடக்கு சேர். பூட்டின அண்டைக்கே உங்களிட்டச் சொன்னனான். கிளினிக்கில இருக்கிறது ரெண்டு தசம் நாலு கிகாஹேர்ட்ஸ் பெட்டி. சுனாமியெண்டு கடல் அடிச்சாப் பிறகு உதவிக்கு வந்த நிறுவனமெல்லாம் அந்த அலைவரிசையிலதான் பெட்டி பூட்டியிருக்கு. அதுக்குள்ள ஒண்டோடொண்டு முட்டாத பாதை மூண்டே மூண்டு. முகாமைச் சுத்தி நிக்கிற தூணுகளை ஒருக்காப் போய்ப் பாருங்கோ. மீன் சந்தையில எல்லாரும் ஒரே நேரத்தில ஏலம் கூறினா ஆற்ற விலை ஆருக்குக் கேக்கும்?

— அப்ப பவரைக் கூட்டும். பெரிய அன்ரனாவாப் போடும்.

— நாங்க கூட்டினா அவங்களும் கூட்டுவாங்க சேர். பிறகு எல்லாரும் கத்துறதுதான், ஒருத்தருக்கும் ஒண்டும் கேளாது. அஞ்சு தசம் எட்டு அலைவரிசைப் பெட்டி வேணும். அந்தப் பக்கம் இன்னும் ஆக்கள் வரேல்லை.

— அது மரத்துக்குள்ளால போகாதெண்டு நீர்தானே சொன்னீர்?

— ஓம், சொன்னனான். ஈர இலை பட்டாலே அது சோர்ந்துபோகும். நேர்ப் பார்வை வேணும். அதுக்காக இஞ்சத்தைத் தண்ணித் தாங்கியில ஏறிப் பாத்தனான். இங்கால மரமெல்லாம் என்ர காலுக்குக் கீழ. அங்கால கிளினிக் கூரைத் தகரம் மினுங்குது. கரைப்பக்கம் மறைக்க ஒரு தென்னை இல்லை.

— எப்பிடி நிக்கும்? கடல் வழிச்சுக்கொண்டு போட்டுதே. எங்கட சனத்தைக் கொண்டுபோன வழி சேர் அது. அந்த வழியால ஒரு படமாவது ஒழுங்காப் போகக்கூடாதோ?

— ஆத்திரப்படாதேங்கோ மிஸி. நான் சொல்லுறது என்னெண்டா, அந்தப் பெட்டி எங்களிட்ட ஒரு சோடிதான் இருக்கு. கொழும்பில அனுமதி எடுத்து, ரேடியோ எண்டவுடன ஆமி மறிச்சு, ஒவ்வொரு ஆணியாக் கழட்டிக் காட்டிக் கொண்டுவந்தது.

— அந்தச் சோடி எங்க?

— ஒண்டு தாங்கியில. மற்றது எங்கட விருந்தினர் விடுதியில.

— விடுதியில ஆருக்கு நோய் வருத்தம்?

— வெளிநாட்டில இருந்து உதவி தாறவை வந்து தங்கிற இடம். அவை தங்கட வீட்டுக்காரரோட திரையில முகம் பாத்துக் கதைக்கவேணும். அவை முகம் சுழிச்சா உங்கட கிளினிக்கே இல்லை. விளங்குதோ?

— இப்ப ஆர் தங்கியிருக்கினம்?

— இப்ப ஒருத்தருமில்லை. அடுத்த கிழமை வருவினம்.

— மாதாவே. வெறும் கட்டிலுக்கு நல்ல லைன். எங்களுக்குச் சந்தை இரைச்சல். இராயப்பு அண்ணை பெண்சாதி பிள்ளையளைத் தண்ணிக்குக் குடுத்திட்டுத் தனிய நிண்ட மனுசன். இந்த மாசம்தான் திரும்பக் கடலுக்கு இறங்கினவர். இனி அந்த ஒற்றைக் காலோட ஆற்ற வள்ளத்தில ஏறுவார்? நீங்கள் ஏத்துவியளோ?

— குரலைக் குறையுங்கோ. வெளியில ஆக்கள் நிக்கினம்.

— மிஸி கத்தட்டும் சேர், ஆக்களும் கேக்கட்டும். தொண்ணூறில இயக்கக்காரங்க எங்கட முஸ்லிம் சனத்தைக் கட்டின துணியோட முல்லைத்தீவில இருந்து வெளிக்கிடுத்தினவங்க. கடல் அடிச்சது எண்டு கேட்டு, அதையெல்லாம் மனசில ஒரு பக்கம் வைச்சிட்டு வந்தனான். வெறும் வீட்டுக்கு லைன் இழுக்கவோ வந்தனான்?

— நிஸார், வேலையை யோசிச்சுக் கதையும். விடுதிப் பெட்டியில ஆர் கை வைச்சாலும் அண்டைக்கே வீட்டுக்குப் போகலாம். இது கடைசி வார்த்தை. விளங்குதோ?

— விளங்குது சேர். அப்ப நான் வீட்டுக்குப் போறன். விடிய விடுதிக் கூரையில ஏறிக் கழட்டி, கிளினிக்கில பூட்டி, தாங்கியில இருக்கிறதையும் அங்கால திருப்பிப்போட்டுத்தான் இஞ்ச வந்தனான். மிஸி, நீங்க கெதியாப் போங்கோ, வவுனியா டொக்டர் திரையில வந்து அடுத்த நோயாளி ஆரெண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்.