சாம்பிளைத் திருப்பிப் போட்டபோது

— நம்ம ஆராய்ச்சிப் பேப்பரை வாபஸ் வாங்குங்க சார்.

— ...முதல்ல கதவைச் சாத்து.

— சாத்தியாச்சு. வாபஸ் வாங்குங்க.

— இப்படிக் கேக்கச் சொல்லி யாரு உன்னை அனுப்பினது?

— யாரும் அனுப்பல. அவர்கிட்ட என்ன வேணா கேளு, இதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுடாதேன்னுதான் லேப்ல அத்தனை பேரும் சொன்னாங்க.

— பட்டாசுன்னு சும்மாவா பேரு வெச்சாங்க உனக்கு. உக்காரு. திங்கக்கிழமை உன் பி.எச்டி. வைவா, பதட்டத்துல இருக்க.

— பதட்டம் இல்ல சார். கோவம்.

— சரி, கோவம். என்ன நடந்துச்சு, அதைச் சொல்லு.

— சாம்பிளைத் திருப்பிப் போட்டேன். இடம் வலமா மாத்தி வெச்சு, மறுபடியும் குளிர வெச்சு அளந்தேன். எலக்ட்ரான் எல்லாம் இடது ஓரத்துல போய்க் குமியுதுன்னுதானே எழுதியிருக்கோம்? சாம்பிளைத் திருப்பினா குமியலும் வலது பக்கம் வந்திருக்கணும். வரல. அசையாம இடது பக்கமே நிக்குது.

— ஒரே ஒரு தடவை அளந்துட்டு...

— நாலு தடவை.

— வெப்பநிலை சரியா இறங்கியிருக்காது.

— இறங்கிச்சு. குளிர வெக்க ஹீலியம் ஊத்தற அண்ணன் பக்கத்துலயே நின்னார், கேட்டுப் பாருங்க.

— அவர்கிட்ட வேற சொல்லிட்டியா?

— நான் எங்க சொன்னேன்... என் மூஞ்சியப் பாத்தே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு.

— இங்க பாரு. இது நான்-ஹெர்மிஷியன் டோபாலஜி. ஏதோ சாதாரணக் கம்பியில கரன்ட் போற கதை இல்ல. உள்ளுக்குள்ள ஆயிரம் இருக்கு...

— எனக்கேவா சார்? எங்கம்மாவுக்கே புரிய வெச்சவ நான். ஒரு தெரு இருக்கும்மா, இந்தப் பக்கமா நடந்தா முதுகைப் பிடிச்சுத் தள்ளும், அந்தப் பக்கமா நடந்தா காலைப் பிடிச்சு இழுக்கும், கடைசியில அத்தனை பேரும் தெருமுனையிலதான் குமிஞ்சு கிடப்பாங்கன்னேன். தெருவைக் கொத்திப் போட்டுட்டா என்னடி ஆகும்னு கேட்டாங்க. கொத்திப் போட்டாலும் அப்படித்தாம்மா, அதுதான் எங்க கண்டுபிடிப்புன்னு பெருமையாச் சொன்னேன்.

— அதுல என்ன பொய்? அயனியால அடிச்சு அடிச்சு, சாம்பிளோட ஒழுங்கையே குலைச்சோம். விளைவு இம்மி நகரல.

— எப்படி சார் நகரும்? சாம்பிள்ல இருந்தாத்தானே நகரும். இடது பக்கத்து வயர்ல சால்டர் சூடு பட்டு உறை உரிஞ்சிருக்கு. அதுல கசியறதைத்தான் நாம குமியல்னு படிச்சிருக்கோம். எவ்வளவு அடிச்சாலும் அசையலைன்னு கேக் வெட்டினோமே... அடி விழுந்தது ஒரு இடம், நாம பாத்தது வேற இடம்.

— அந்த வயருக்கு சால்டர் வெச்சது யாரு?

— நான்தான்.

— அப்ப? பேப்பர்ல முதல் பேரு யாருது? உன்னுது. உங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நீ. தீசிஸ்ல நாலு அத்தியாயம், அதுல மூணு இதை நம்பித்தான் நிக்குது. வாபஸ்னா உன் பட்டமே போயிடும்மா.

— எனக்குத் தெரியாதா சார் அது? மூணு நாளா சோறு இறங்கல.

— அதனாலதான் சொல்றேன். வைவா முடியட்டும். அப்புறம் சின்னதா ஒரு திருத்தம் போட்டுக்கலாம்.

— அப்புறம்னா எப்ப? வேற ஊர்ல ஒரு பொண்ணு நம்ம பேப்பரைப் படிச்சுட்டு ஒரு வருஷமா இதையே செஞ்சு பாத்துக்கிட்டிருக்கா. வாரா வாரம் மெயில் போடறா. எனக்கு மட்டும் ஏன்க்கா வரமாட்டேங்குதுன்னு. தன் கைதான் சரியில்லைன்னு நினைக்கறா சார் அவ.

— ஊர்ப் பாரத்தையெல்லாம் நீ ஏன் தலையில ஏத்திக்கற? தெரியாம நடந்துபோச்சு. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

— உங்களுக்குமா?

— எனக்கு எப்படித் தெரியும்?

— லாக் புக்கை எடுத்துப் பாத்தேன். எப்ப குளிர வெச்சாலும் தேதி போட்டு எழுதணும்னு எங்களைத் திட்டுவீங்களே, அந்த லாக் புக். ரெண்டு வருஷம் முன்னாடி மார்ச், ஒரு ஞாயித்துக்கிழமை. லேப்ல ஈ காக்கா இல்லாத நாள். 'சாம்பிள் திருப்பி வைக்கப்பட்டது. குமியல் இடப்பக்கமே.' அவ்வளவுதான் இருக்கு. கையெழுத்து உங்களோடது. பேப்பரை அனுப்பினது அதுக்கப்புறம், அதே வருஷம் ஜூன்ல.

— ...மாத்தி வெக்கறப்ப நானே குழப்பிக்கிட்டேன்னு நினைச்சேன். இன்னொரு தடவை பாக்கலாம்னுதான் இருந்தேன்.

— பாத்தீங்களா?

— தண்ணி குடிம்மா... குடி. நானே எழுதறேன். என் கையாலயே எழுதறேன், போதுமா? வைவா மட்டும் முடியட்டும். அதுவரைக்கும் இது இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது... ஏய், ஏன் எழுந்துக்கற? எங்க போற?

— வைவா ஹாலை வேற யாருக்காவது குடுத்துக்கச் சொல்லிட்டு, வீட்டுக்கு. பேப்பரை வாபஸ் வாங்கச் சொல்லி, அதைப் போட்ட பத்திரிகைக்கு நேத்தே எழுதிட்டேன் சார். சால்டர் வெச்சது நான்னு எழுதினேன். அந்த லாக் புக் பக்கத்தையும் படம் எடுத்துச் சேர்த்தேன். இன்னிக்கு வந்து கேட்டது... நீங்களா ஒரு தடவை சரின்னு சொல்லுவீங்களான்னு பாக்கத்தான்.