கசவு கட்டின ஆனை

— ஆனையாம் ஆனை. இது ஆனையா, வெயில்ல கெடந்து சூம்பின கத்திரிக்காயா?

— வல்லி, பேத்திக்க மொத ஓணத்துக்கு உடுப்பு போட்ட பொம்மையாக்கும். நீ பாக்கணும்னு சுனில் நெய்யாற்றின்கரையில இருந்து குடுத்துவிட்டிருக்கான்.

— எனக்க மகன் குடுத்துவிடல்ல, அவ குடுத்துவிட்டிருக்கா. அவன் கெட்டின அந்தப் பொழியூர் கடப்புறத்து வலைக்காரன் மக.

— அவளுக்கு மினின்னு ஒரு பேரு உண்டு.

— எனக்க வாயில அது வராது. ரெண்டு வருசமா வரல்ல, இனியும் வராது.

— அவன் கேட்டது ஒண்ணுதான். திருவோணத்துக்குப் பிள்ளையத் தூக்கிட்டு மூணுபேரும் இங்க வரட்டுமான்னு. சாயங்காலம் நான் போன்ல பதில் சொல்லணும்.

— ஆனையப் பாத்தாச்சு, ஆளு வரண்டாம்னு சொல்லுங்க. எனக்க அப்பா தாலூக்காபீசுல ஹெட் கிளார்க்காக்கும். அவ வந்து இந்த வீட்டுல இலைபோட்டு இருந்தா, அப்பாவுக்க படம் சுவர்ல நிக்காது.

— கண்ணாடியப் போட்டு நல்லாப் பாத்துட்டுச் சொல்லு.

— குத்தம் பாக்கக் கண்ணாடி எதுக்கு? கைவச்சாலே தெரியுதே. இந்தத் தும்பிக்கையத் தொட்டுப் பாருங்க. ஒரு எடத்துல இறுக்கிப் பின்னியிருக்கா, ஒரு எடத்துல தொளதொளன்னு விட்டிருக்கா. காது ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறிசு. வலை முடியுற கைக்குக் கம்பிளிநூல் வழங்குமா?

— காது கோணல்தான். நான் இல்லைன்னு சொல்லல்ல.

— என்ன சிரிப்பு? சுனிலுக்க மொத ஓணத்துக்கு நானும் ஒண்ணு பின்னினேனே, மறந்துட்டியளா? அதாக்கும் ஆனை. செங்கல் ஊர்க் கோயில் உத்சவத்துல கொண்டு நிறுத்தலாம், அப்பிடி ஒரு எடுப்பு. எந்த எலி இழுத்துட்டுப் போச்சோ.

— உடுப்பு எப்பிடி?

— மனுசருக்கே உடுக்க வகையில்ல, ஆனைக்கு ஓணக்கோடி. ஆனா பொய் சொல்லப்பிடாது, உடுப்பு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. பொன்சரிகைக் கசவுக் கரை நேரா வந்திருக்கு, சட்டையில ஒரு தையல் பிசகல்ல. அதனாலதான் சொல்லுதேன், இது கடையில வாங்கினது. அவளுக்கு இந்தக் கை வராது.

— காலை ஏன் பிடிச்சு இழுக்க? விடு, பிரிஞ்சிரும்.

— பிரியட்டும். உள்ள என்ன சவத்த அடச்சு வச்சிருக்கான்னு பாக்கணும். கண்டியளா, பஞ்சு வாங்கக்கூட மனசில்லாம பழந்துணி...

— என்ன, நிறுத்திட்ட?

— இந்த மஞ்சப் பட்டு...

— இப்பமாவது கண்ணாடியப் போடு.

— இது எனக்க கல்யாண ரவுக்கையில்லா. கிழிஞ்சப்பம் நான்தானே வெட்டி...

— ஆமா. ஆனை நீ பின்னினது. உடுப்பு மட்டும்தான் அவளுக்க கைவேலை. நீ இறங்கிப் போடான்னு சொன்ன அண்ணைக்கு, பெட்டிகூட எடுக்காம அவன் இங்கயிருந்து கொண்டுபோனது இது ஒண்ணுதான்.

— தெரிஞ்சிட்டே இவ்வளவு நேரம் வாய மூடிட்டா இருந்திய?

— நீ மூடினாத்தானே நான் திறக்க. ஊசி எடுத்துத் தரட்டா? கால் தொங்குது.

— ஊசி இருந்து என்ன, எனக்க கைக்குக் கோணல்தானே வரும். போனப் போடுங்க. திருவோணத்துக்கு வந்து இதத் தைச்சுத் தரணும்னு மினிகிட்ட சொல்லுங்க.