குறை சொல்லித் தட்டு மாத்தின கதை

இருங்க மாமா, எந்திரிக்காதீங்க. மகனுக்குப் பொண்ணு கேட்டு வந்துட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்புற அளவுக்கு இப்ப என்ன ஆயிப்போச்சு? எங்கண்ணன் மக எந்திரிச்சு, "எனக்குக் கோவம் வந்தா ரெண்டு நாளைக்கு யார்கூடயும் பேச மாட்டேன்"னு சபையில சொன்னா. அவ்வளவுதானுங்களே? அது திமிரு இல்லீங்க, இந்த ஊரு வழக்கம். வழக்கம் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன், காப்பி ஆறுறதுக்குள்ள முடிச்சுப்போடுறேன்.

எங்க கல்லேரிப்பாளையத்துக்கு வண்டித்தடம் மட்டும் இருந்த காலத்துல, சென்னியப்பன்னு ஒருத்தரு இருந்தாராமா. மாட்டுச்சந்தையில தரகு வேலை. தரகுன்னதும் பெரிய ஆளுன்னு நெனச்சுக்காதீங்க. ராக்கியண்ணன்னு பெரிய தரகர் ஒருத்தரு, அவருக்குப் பின்னால மாட்டுக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதான் இவரு வேலை. ஒரு வருசமில்ல, ரெண்டு வருசமில்ல, பதினோரு வருசம் நின்னாராமா.

சந்தையில வெலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. கைமேல துண்டைப் போட்டு, உள்ளுக்குள்ள வெரலைப் பிடிச்சுத்தான் பேசுவாங்க. மாட்டுக்கு என்ன குறைன்னாலும் அதுவும் அந்தத் துண்டுக்குள்ளயே அமுங்கிப்போகும். சென்னியப்பன் ஒருநாள் கேட்டாராமா, "அண்ணா, நானும் ஒரு துண்டைப் போடட்டுமுங்களா?" ராக்கியண்ணன் சிரிச்சாராமா. "இந்தத் துண்டு எனக்கப்புறம் என்ற மகனுக்குடா. நீ கயித்தைப் பிடி."

பாவம், என்ன பண்ணுவாரு? வேற தொழிலும் தெரியாது. கயித்தைப் பிடிச்சாரு.

அந்தச் சமயத்துல ஒரு செவலைப் பசு வந்துச்சு. வித்தா எட்டே நாள்ல திரும்பி வந்துரும். நாலு தடவை வித்து நாலு தடவை வந்துச்சாமா. ராக்கியண்ணனுக்கே சலிச்சுப்போயி, "இந்தா, உனக்குத் தொழில் வேணும்னியே, இதை வித்துக் காட்டு"ன்னு கயித்தை இவரு மேல வீசிட்டாராமா.

சென்னியப்பன் அதைத் திருப்பி ஓட்டிக்கிட்டு வந்த நாலு பேர்கிட்டயும் விசாரிச்சுப் பார்த்தாரு. தோள்ல கெடந்த துண்டைத் தூர எறிஞ்சாரு. நட்டநடுச் சந்தையில நின்னு தொண்டை கிழியக் கத்துனாரு.

"ஏனுங்க, எல்லாரும் கேளுங்க! இந்தப் பசு ஒதைக்கும்! ஆம்பளை கறக்கப் போனா பல்லு போயிரும்! பொம்பளை கறந்தா அசையாது! வெலை இதுதான், கொறைக்க மாட்டேன்!"

சந்தையே சிரிச்சுச்சாமா. பைத்தியம் புடிச்சிருச்சுன்னாங்க. அப்ப கூட்டத்துல இருந்து ஒரு விதவைப் பொம்பளை வந்தாளாமா. "என்ற வீட்டுல ஆம்பளையே இல்லீங்க. கயித்தைக் குடுங்க"ன்னு ஓட்டிக்கிட்டுப் போயிட்டா. அந்தப் பசு திரும்பி வரவே இல்லையாமா.

அப்புறமென்ன! அடுத்த சந்தைக்குப் பத்துப் பேரு மாட்டோட இவரைத் தேடி வந்தாங்க. "இந்த எருது மூணு சால் உழுததும் படுத்துக்கும்!", "இதுக்கு வயசு சொல்றதை விட ரெண்டு கூட!" குறையை முதல்ல சொல்லுவாரு, வெலையை அப்புறம் சொல்லுவாரு. மத்தவங்க ஒரு மாட்டுக்கு ஒரு பொழுது வெரலைப் பிடிச்சுக்கிட்டு நிக்க, இவரு பத்து மாட்டை வித்துப்போட்டுச் சாப்பிடப் போயிருவாராமா. பதினோரு வருசம் கயிறு பிடிச்ச மனுசன், ரெண்டே வருசத்துல ராக்கியண்ணனைத் தாண்டிட்டாரு.

அங்கதான் மாமா வெனை.

சென்னியப்பன் சொன்னா பொய்யிருக்காதுன்னு பேரு வந்துருச்சில்ல? ஊருல எதுக்கெடுத்தாலும் அவரைக் கேக்க ஆரம்பிச்சாங்க. தோட்டம் வாங்குறவன் கேப்பான், பங்கு பிரிக்கிறவன் கேப்பான். விருந்துக்குப் போனா சமைச்சவ முன்னால வந்து நின்னு, "கொழம்பு எப்படியிருக்குதுங்கண்ணா?"ம்பா. நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சும்மா சொல்ல முடியாது. சொன்னா, சென்னியப்பனே பொய் சொல்றாருன்னு ஆயிரும். சொல்லாட்டி, அவ மூஞ்சி சுருங்கும். வாயி அவரோடதுதான், ஆனா அவரு இஷ்டத்துக்குத் தொறக்க முடியாது. கயித்தை இப்ப ஊரு பிடிச்சுக்கிச்சு.

அவருக்கு ஒரே மக, பேரு நல்லாத்தா. அந்தப் புள்ளைக்கு வருசத்துல ரெண்டு மூணு தடவை வலிப்பு வரும். வீட்டுச் செவுத்தைத் தாண்டி யாருக்கும் தெரியாது. அவளைப் பொண்ணு கேட்டு மேக்காட்டுல இருந்து நாட்ராயன்னு ஒரு பண்ணையக்காரரு மகனோட வந்தாரு. சபை கூடிருச்சு, தட்டு வெச்சாச்சு. நாட்ராயன் சொன்னாராமா, "ஜோசியம் வேண்டாம், சகுனம் வேண்டாம். பொண்ணுக்குக் குறை இல்லைன்னு சென்னியப்பன் வாயால ஒரு வார்த்தை வரட்டும், தட்டை மாத்திக்கலாம்."

சென்னியப்பனுக்கு வேர்த்துக் கொட்டுச்சாமா. குறை இருக்குன்னா மக வாழ்க்கை போச்சு. இல்லைன்னா பொய். ஒண்ணுமே சொல்லாம இருந்தா அதுவே இருக்குன்னு சொன்ன மாதிரி. உள்வீட்டுக் கதவோரத்துல சம்சாரம் நின்னுக்கிட்டு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிடுறாளாமா. பெத்தவன் எந்தப் பக்கம் போவான்?

"ஒரு குறையும் இல்லீங்க"ன்னு சொல்லிட்டாரு. சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

நாட்ராயன் தட்டை எடுத்தாரு. அப்ப நல்லாத்தா வெளிய வந்தா. பொண்ணு கூப்பிடாம சபைக்கு வரலாமா, அந்தக் காலத்துல? வந்தா.

"எங்கப்பன் சொன்னது பொய்யிங்க. எனக்கு வலிப்பு வரும். மறைச்சுக் கட்டிக்கிட்டு வந்தா, எப்ப வருமோ எப்ப வருமோன்னு உங்க வீட்டுல தெனமும் நான் செத்துச் செத்துப் பொழைக்கணும். என்னால ஆகாது."

அதோட அவ நிறுத்துனாளா? மாப்பிள்ளைப் பக்கம் திரும்புனா.

"சந்தையில மாட்டுக்கு மட்டுந்தான் குறை சொல்லுவாங்க, வாங்குறவனை யாரும் கேக்க மாட்டாங்க. நான் மாடில்லீங்க. நீங்களும் உங்க குறையைச் சொல்லுங்க."

நாட்ராயனுக்குக் கோவம் தலைக்கேறிருச்சு. "எந்திரிடா குப்பண்ணா, போலாம்"னு மகனை இழுத்தாரு. குப்பண்ணன் எந்திரிச்சாரு. ஆனா நகரலையாமா. சொன்னாராமா, "எனக்கு மாலைக்கண்ணுங்க. பொழுது சாஞ்சா எதுத்தாப்புல நிக்கிற ஆளு தெரியாது. அதுக்குத்தான் எங்கப்பன் மத்தியானத்துலயே தட்டு மாத்தணும்னு அவசரப்படுத்துனாரு."

அட சாமி! நாட்ராயன் மூஞ்சியைப் பார்க்கோணுமே! தட்டை வெச்சுப்போட்டு அப்படியே உக்காந்துட்டாராமா.

அந்தக் கல்யாணம் நடந்துச்சு. அடுத்த சந்தையில நாலு பேரு வழக்கம்போலச் சென்னியப்பன்கிட்ட வந்தாங்க. "நான் சபையில பொய் சொன்னவன். என்னை நம்பாதீங்க, உங்க கண்ணால பார்த்து வாங்குங்க"ன்னுட்டாராமா. சொல்லிட்டு, பல வருசம் கழிச்சு அன்னைக்குத்தான் வயிறு குலுங்கச் சிரிச்சாராமா. யாவாரம் பாதியாப் போச்சு. மனுசன் கவலையே படலையாமா.

அந்த மாலைக்கண்ணுக்காரருக்கும் வலிப்புக்காரிக்கும் பொறந்த வம்சந்தானுங்க இங்க உக்காந்திருக்கிற நாங்க எல்லாரும். அன்னையிலருந்து எங்க ஊருல பொண்ணும் மாப்பிள்ளையும் அவங்கவங்க குறையை அவங்கவங்க வாயால சொன்னாத்தான் தட்டு மாறும். பெத்தவங்க பேசக் கூடாது. நீங்களும் பேசக் கூடாது மாமா, உக்காருங்க.

எங்க அம்மணி அவ குறையைச் சொல்லிட்டா. மாப்பிள்ளை, எந்திரிங்க. உங்கப்பாவைப் பார்க்காதீங்க, அவளைப் பார்த்துச் சொல்லுங்க.