இடது கையால் மடித்த காது

மாலை நாலரை மணி. நவம்பர் மாதம். ருமேனியாவின் க்ளூஜ் நகரத்திலிருந்து நம்ம ஊருக்கு வருகிற சாலையில் ஒரு வண்டி கிடையாது. ஆற்றுப் பனிமூட்டம் பாலத்தையே விழுங்கியிருந்தது... அதற்குள் ஒரே ஒரு சிவப்புக் கார்.

ஓட்டியவள் ரொசாலியா. என் சிநேகிதன் காஷ்பாரின் அக்கா. பின்சீட்டில் அவள் மகன் லுகாச். ஆறு வயது. நல்ல காய்ச்சல்.

மார்ட்டன், கிட்ட வா. மெதுவாத்தான் சொல்வேன். கை நிக்க வேணாம், நாளைக்குக் கோயில் திருவிழாவுக்கு வர்ற அத்தனை ஆர்மீனியனுக்கும், மாவைக் காது மாதிரி மடிச்சுப் போடற நம்ம காது சூப் வேணும். ஏய்! வலது கையால மடிடா சோம்பேறி! ஏன்னு சொல்றேன்.

செத்துப்போன அத்தை ரிப்சிமாவின் வீட்டை விற்றாகிவிட்டது. மறுநாள் சாவி கைமாறும். அதற்குள் அங்கே சமையலறையில் மாட்டியிருக்கும் மாதா படத்தை எடுத்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

சாவி பக்கத்து வீட்டு ருமேனியக்காரி வியோரிகாவிடம் இருந்தது. அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

“உங்காளுங்க மாடு வித்த காசுல கோயில் கட்டிட்டுப் போயிட்டாங்க. இப்ப மணியடிக்க எங்க வீட்டு மனுசன்தான் முட்டி தேய ஏற வேண்டியிருக்கு!”

“அவருக்குச் சொர்க்கம் நிச்சயம், அக்கா.”

“ஆர்மீனியச் சொர்க்கமா? சொந்த பாஷையை மறந்துட்டு அங்கேயும் நீங்க ஹங்கேரி பாஷைதானே பேசுவீங்க!”

சிரித்தபடியே பஸ் பிடிக்க ஓடிவிட்டாள். தெருவில் வேறு யாருமில்லை.

“கதவைத் திறக்காதே கண்ணு. பயமா இருந்தா ஹாரன் அடி” என்று மகனிடம் சொல்லிவிட்டு ரொசாலியா உள்ளே போனாள்.

பழைய வியாபாரி வீடு. சமையலறைக்குக்கூட இரும்புக் கதவு. அதைத் தாண்டினாள்.

டொங்... கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

பூட்டு விழவில்லை. ஆனாலும் கதவு திறக்கவில்லை. தள்ளினாள். உதைத்தாள். ஜன்னலின் இரும்புப் பலகையைப் பிடித்து இழுத்ததில் வலது உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம். கழுத்துத் துணியைச் சுற்றினாள். விரல்கள் மடங்கவில்லை. கைபேசி இல்லாத காலம் அது.

அப்போதுதான் அந்த வாசனை... காது சூப்புக்காகப் புளித்த பாலைக் கீரையோடு காய்ச்சுகிற வாசனை. பதினோரு வருடம் பூட்டிக் கிடந்த வீடு.

மேசையில் மாவு. தேய்த்து, சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கி... எட்டுத் துண்டு. தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

“காது மடிச்சு முடியாம யாரும் வெளியே போகக் கூடாது” என்பாள் அத்தை. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். பேர் சொல்லி, ஆளுக்கொரு காது மடிக்க வேண்டும். உயிரோடிருப்பவர்களுக்கு வலது கை, செத்தவர்களுக்கு இடது. அப்போதுதான் உயிரோடிருப்பவர்கள் கூப்பிடுவது உயிரோடிருப்பவர்களுக்கும், செத்தவர்கள் கூப்பிடுவது செத்தவர்களுக்கும் கேட்குமாம்.

ரொசாலியா உட்கார்ந்தாள். இடது கையால் ஒன்று மடித்தாள். “ரிப்சிமா அத்தை.”

க்ரீச்... கதவு ஒரு விரற்கடை நகர்ந்தது.

அப்பா. சித்தப்பா. தாத்தா. ஒவ்வொரு பேருக்கும் ஒரு க்ரீச். ஏழு பேர் முடிந்தபோது இடுக்கில் கை நுழைந்தது, தோள் நுழையவில்லை.

இன்னும் ஒரு துண்டு. அவளுக்குத் தெரிந்து குடும்பத்தில் செத்தவர்கள் வேறு யாருமில்லை.

வெளியே ஹாரன். ஒருமுறை... இன்னொரு முறை... பிறகு நிற்காமல்.

குளிரில் காய்ச்சல்காரப் பிள்ளை! வலது கையை நீட்டினாள், விரல்கள் அசையவே இல்லை. அவசரத்தில் இடது கை மாவை எடுத்தது, மடித்தது. அதே நேரம் இடுக்கில் வாயை வைத்துக் கத்தினாள்:

“லுகாச்!”

கதவு முழுதாகத் திறந்தது. ஹாரன் நின்றது.

என்ன செய்துவிட்டோம் என்பது வாசல்படியில்தான் அவளுக்கு உறைத்தது. மாதா படத்தை மறந்து ஓடினாள்.

பிள்ளை நன்றாக உட்கார்ந்திருந்தான். நெற்றி ஜில்லென்று இருந்தது.

“யாரும்மா கூப்பிட்டாங்க?”

“நான்தான்டா கண்ணு.”

“நீ இல்ல... நிறைய பேர்.”

அவ்வளவுதான் கதை. அப்புறம் அவன் வளர்ந்தான், படித்தான், வேலைக்கும் போகிறான். என்ன, யாரும் கூப்பிடாதபோதும் சட்டென்று திரும்பிப் பார்ப்பான்.

அதோ, அடுப்புப் பக்கம் தனியா உக்காந்து எள்ளு மிட்டாய் நறுக்கிட்டிருக்கானே... அவன்தான். ஷ்ஷ்... விரலை நீட்டாதே மார்ட்டன்.

இப்ப ஜன்னல் பக்கம் திரும்பி “இதோ வர்றேன்”னு சொன்னானே, கேட்டுச்சா?

இத்தனை வருஷமாத் திரும்பி மட்டும்தான் பார்ப்பான்...

இன்னைக்குத்தான் பதில் சொல்றான்.