சிம்னி மறையும் தூரம்

"லண்டன்காரங்களாண்ட போயி அத்திப்பட்டு சிம்னியச் சொல்லிட்டேன் நைனா. சீட்டு போச்சு" என்றாள் எதிர் இருக்கைப் பெண். அப்பாவும் மகளுமாகத் திருவொற்றியூரில் ஏறியவர்கள். வலை இழுத்துக் காய்த்த கைகள் அவருக்கு. கும்மிடிப்பூண்டி ரயிலின் சன்னல் வழியே உப்பும் கரியும் கலந்த காலைக்காற்று வந்துகொண்டிருந்தது.

"சட்டம் படிக்கிற சீட்டுக்கு சிம்னி இன்னாத்துக்கும்மா?"

"சர்வதேசச் சட்டம் நைனா. ஒரு நாட்டோட கடலு கரையிலேர்ந்து எதுவரைக்கும்னு வீடியோ கால்ல கேட்டாங்க. பன்னெண்டு கடல் மைல்னு சொல்லணும். பதட்டத்துல, பவர் அவுஸ் சிம்னி கண்ணுக்கு மறையற வரைக்கும்னு சொல்லிட்டேன். நீ சொல்வியே, அதே மாதிரி."

"சிரிச்சாங்களா?"

"இல்ல. எழுதிக்கினாங்க."

அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "தப்புதான். பன்னெண்டு மைல்ல சிம்னி பளிச்சுனு தெரியும். மறையணும்னா இன்னும் ரொம்ப தூரம் போவணும்."

"ஐய, அதுவா இப்ப பேச்சு?"

"இல்லம்மே. நம்ம நாட்டுக்குக் கூட கொஞ்சம் கடல சேத்து எழுத வச்சிகீற. அதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிகினுகீறியே!"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வருசமா இதுக்குத்தான் படிச்சேன் நைனா."

எண்ணூரில் இறங்க எழுந்தவர், கதவருகே நின்று தயங்கிக் கேட்டார்:

"அவங்களாண்ட நான் ஒருவாட்டி பேசட்டா? பொண்ணு மேல தப்பில்ல, நான்தான் அப்பிடி சொல்லிக்குடுத்தேன்னு?"