குமாஸ்தாவின் கையில் இருந்த உறை

சீனியர் வக்கீலின் அறையில் எனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்டேன். அவ்வளவுதான் ஆரம்பம். வேலைக்குச் சேர்ந்த அன்றே குமாஸ்தா தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "வேற என்ன வேணா கேளும்மா, நாற்காலி மட்டும் கேட்டுடாத. ஜூனியருங்க நின்னுதான் குறிப்பெடுக்கணும்."

என் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நிற்பதற்கா படித்தேன்? கேட்டேன்.

"ஏம்மா, உங்க வீட்ல எல்லாரும் சோபாவுலதான் உட்காருவீங்களோ?" என்றார் சீனியர். கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். குமாஸ்தாவும் சிரித்தார். சீனியர் சிரிக்கலாம், அது அவர் அறை. என்னைப் போலவே கால் கடுக்க நிற்பவர் சிரித்ததைத்தான் என்னால் விட முடியவில்லை.

அவதூறு நோட்டீஸ்களை அங்கே எழுதுவது நான்தான். வாட்ஸ்அப்பில் வந்ததை அடுத்தவருக்கு அனுப்பினேன், அவ்வளவுதான் என்று சொல்லித் தப்ப முடியாது, அனுப்புவதும் வெளியிடுவதுதான் என்று எத்தனையோ பேரை மிரட்டியிருக்கிறேன். எந்த வார்த்தை ஆளை மாட்டிவிடும் என்பது எனக்கு அத்துப்படி.

கோர்ட்டில் தாக்கல் செய்யும் எதற்கும் ஒரு நகலை எதிர்த்தரப்பு வக்கீலிடம் கொடுத்தாக வேண்டும். குமாஸ்தா அதை உறையில் போட்டுச் சாயங்காலம் கொண்டுபோவார். எங்களுக்கு அது டீ வாங்கிவருவது மாதிரி. வெளியாட்களுக்குத் தெரியாது. நான் பின்னாலேயே போய்ப் படம் எடுத்தேன். எங்கள் மூலம் பில்டர்மேல் வழக்குப் போட்டிருந்த வீட்டுக்காரர்களில் வாய் ஓயாத ஓர் அம்மாவுக்கு அனுப்பினேன். "எங்க குமாஸ்தா. பில்டரோட வக்கீல் வீட்டு வாசல். கையில உங்க கேஸ் பேப்பர்."

ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

சீனியர் விசாரணைக்குப் போகாமல் விட்டதில் அவர்கள் அந்த வாரம்தான் ஒரு மனுவில் தோற்றிருந்தார்கள். படம் குழுவுக்குக் குழு தாவியது. "விலை போன நாய்" என்று யாரோ சேர்த்தார்கள். அது அவர்கள் சேர்த்தது. மறுநாள் ஆபீஸ் படிக்கட்டிலேயே மடக்கி அடித்தார்கள். குமாஸ்தாவுக்கு ஒரு கண் போய்விட்டது. 'அது அவர் வேலைங்க' என்று சீனியர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோல்விக்கு வேறு ஆள் கிடைத்த நிம்மதியில் சொல்லவில்லை. வேலையை விட்டும் நிறுத்தினார்.

வெளியே காலியாகக் கிடந்த குமாஸ்தாவின் ஸ்டூலைச் சீனியர் அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று சீனியர் கோர்ட்டுக்குப் போனபிறகு குமாஸ்தாவின் மகள் வந்தாள். அப்பாமேல் அவதூறு பரப்பியவர்மீது வழக்குப் போட வேண்டுமாம். "நாற்காலி கேட்ட அக்காவப் போய்ப் பாரு, அங்க அவங்க ஒருத்தருக்குத்தான் தைரியம்னு அப்பா சொன்னாரு" என்றாள். நின்றுகொண்டுதான் சொன்னாள்.

"நான்தாம்மா அனுப்பினேன்" என்றேன். "அதுல எது பொய்னு சொல்லு."

அவள் அழவில்லை. "பொய் இல்லக்கா. ஆனா அது அவரு வேலைன்னு உங்களுக்குத் தெரியுமே."

தெரியும். அதை என்னிடம் யாரும் கேட்கவில்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வழக்கைப் போடச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, எனக்கு நானே வாதாடப்போகிறேன். வழக்கு வந்தால் இப்படித்தான் என்று அவள் வருவதற்கு முன்பே முடிவு செய்ததுதான். கறுப்பு அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளைத் தாண்டி, அந்தப் படிக்கட்டு வழியாகவே இறங்கினேன். கூண்டில் நாற்காலி கேட்க மாட்டேன். உண்மையைச் சொன்னவள் நின்றுகொண்டே பேசலாம்.