நன்றியுரையில் விட்டுப்போனவர்

வழியனுப்பு விழாக்களில் நாற்காலி போதாமல் போவதுதான் வழக்கம். என்னுடையதில் மிஞ்சின. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஓடுகிற இயந்திரத்தை விட்டுவிட்டு எல்லாரும் வர முடியாது.

பத்தொன்பது வருடம் அந்தக் காகித ஆலைக்கு மேலாளராக இருந்தேன். உரையை நானே எழுதினேன். மூன்று பேருக்கு மட்டும் தனியாக நன்றி சொன்னேன். நன்றி சொல்லும்போது ஒருவர் முகத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எனக்கு அது தேவைப்பட்டது. ஒரு மாதமாக நான் கேன்டீனுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. யாரோ வாய் திறந்திருந்தார்கள். யாரென்று தெரியாமல் ஓய்வு பெற எனக்கு மனமில்லை.

முதலில் மேற்பார்வையாளர். என்னைவிட இளையவர், ஆனாலும் எல்லாரையும் போல நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "பதினோரு வருஷத்துக்கு முன்னால நம்ம ஃபிட்டர் இறந்த அன்னிக்கு, அக்கா நிதானமா இருந்ததாலதான் ஆலை பிழைச்சது" என்றேன். அவர் கைப்பையைத் திறந்தார், ஒன்றும் எடுக்காமல் மூடினார். அடுத்து, விபத்து அறிக்கையைப் பிழையில்லாமல் அடித்துத் தந்த டைப்பிஸ்ட். தலை நிமிரவில்லை. கடைசியாக டிரைவர். ஃபிட்டரின் மனைவியை வாசலோடு நிறுத்தி, வீட்டுக்குத் திருப்பி அழைத்துப் போனவர். அவர் மட்டும் எழுந்தார்.

"போதும் சார். உக்காருங்க."

என் முழங்கால் வலியை நினைத்துச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தீர்கள். அக்காவின் உறவுக்காரர் என்றார்கள். உறவுக்காரர்கள் நன்றியுரைக்குக் குறிப்பெடுப்பதில்லை.

ஃபிட்டரை ஏன் விட்டுவிட்டேன் என்று இப்போது இந்த விசாரணை அறையில் கேட்கிறீர்கள். உதவியவர்களுக்குத்தானே நன்றி சொல்வோம்.

நல்ல மனிதர்தான். பழைய காகிதத்தைக் கூழாக்கும் தொட்டி அவர் பொறுப்பில் இருந்தது. இரண்டு ஆள் ஆழம். அடியில் கத்தி சுற்றும். காகிதக் கட்டுகளோடு வரும் கம்பி அதில் சிக்கினால் யாராவது இறங்கி வெட்டி எடுக்க வேண்டும். இறங்குபவர் தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை ஸ்விட்சில் மாட்டிவிட்டு இறங்குவார். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான்.

ஸ்விட்சை அணைத்தாலும் கத்தி ஒரு நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று முறை எழுதிக் கொடுத்தார். "இந்த பிரேக்கு என் மச்சான் மாதிரி சார். பேருக்கு இருக்கான், வேலைக்கு வரமாட்டான்" என்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

அன்று ஆய்வாளர்கள் வரவேண்டிய நாள். காலையில் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க சார். இல்லன்னா நான் சொல்லிடுவேன்."

"ஆலைய மூடிடுவாங்கப்பா. இத்தனை குடும்பம் இருக்கு."

"அதுல ஒருத்தனுக்குக் கை போனா, அவன் குடும்பம் குடும்பம் இல்லையா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள் அக்கா வந்து, கம்பி சிக்கி இயந்திரம் நின்றுவிட்டது என்றார். ஃபிட்டர் வெட்டுக்கத்தரியை எடுத்துக்கொண்டு போனார்.

பத்து நிமிடம் கழித்து நானும் போனேன்.

ஸ்விட்சில் அட்டை இல்லை, உள்ளே ஆள் இருப்பது தெரியாது, தொழிலாளியின் கவனக்குறைவு. அறிக்கையின் முடிவு இதுதான். அட்டை என் கால்சட்டைப் பையில் இருந்தது. நான் அதைக் கழற்றியதை அக்கா பார்த்துவிட்டார். அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "உங்க பொண்ணு இந்த வருஷம்தானே காலேஜ் சேருது?" அதை மிரட்டல் என்று எழுதாதீர்கள். விசாரித்தேன், அவ்வளவுதான்.

ஆலை நான்கு நாள் மூடியிருந்தது. ஐந்தாம் நாள் ஓடியது. ஒருவருக்கும் வேலை போகவில்லை. பிரேக்கையும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டேன்.

ஃபிட்டர் தொட்டியிலிருந்து ஏறிப் போயிருப்பார், அட்டையைக் கழற்ற மறந்திருப்பார் என்று நான் நம்பியதாக உங்களிடம் சொல்லலாம். பல வருடம் எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். தொட்டிக்குள் குனிந்து குரல் கொடுத்தேன் என்று அறிக்கையில் இருக்கும். அது உண்மை. பதில் வரவில்லை என்றும் இருக்கும்.

பதில் வந்தது.

"ரெண்டே நிமிஷம் சார். ஒரு கம்பிதான் பாக்கி."

வாசலில் ஆய்வாளர்களின் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. நான் ஸ்விட்சைப் போட்டேன்.

உங்கள் பெயரை எனக்குச் சொல்லாவிட்டாலும், யார் காட்டிக்கொடுத்தது என்பதையாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். நீங்கள் இந்தப் புகார்த் தாளை என் பக்கம் தள்ளுகிறீர்கள். அக்காவின் கையெழுத்து முதலில் இருக்கிறது. கீழே டைப்பிஸ்ட், டிரைவர். அதற்குக் கீழே அந்த விபத்துக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள்கூட. இரண்டு முறை எண்ணிவிட்டேன். ஒருவர் விடாமல் எல்லாரும் போட்டிருக்கிறார்கள்.

இத்தனை பேரை ஒரே சொல்லில் நிற்கவைப்பது லேசான காரியமில்லை. அவர்களுக்கு அதைப் பழக்கியவன் நான்.